விடாத ஆஸ்துமா: வகைகளை அறிவோம்
(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



மலருக்குக் கவிதை எழுத எனக்கு வராது. நான் தப்பாகப் படித்து, பட்ட பிறகு திருத்திக்கொண்ட ஒரு பாடத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. எந்தக் காகிதம் வந்தாலும் "தம்பி, இதில் என்ன போட்டிருக்கு?" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். முதலாம் ஆண்டில் எனக்கு இழைப்பு வந்தபோது டாக்டர் சீட்டில் "மைல்டு பர்சிஸ்டென்ட் ஆஸ்துமா" என்று எழுதினார். அம்மா கேட்டதற்கு, "லேசான ஆஸ்துமான்னு போட்டிருக்கும்மா, ஒண்ணுமில்லை" என்றேன். நடுவில் இருந்த சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். அகராதியைப் பார்த்திருந்தால் "விடாமல் நீடிப்பது" என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஆஸ்துமா என்றால் என்ன?

ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியிருக்கும். அதன்மேல் தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் என்று ஏதாவது பட்டால் மூன்று காரியம் நடக்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சுவர் இன்னும் வீங்கும், சளி அடைக்கும். சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்று ஹைட்ராலிக்ஸில் படிக்கிறோம் அல்லவா? நெஞ்சுக்குள் இருப்பதும் குழாய்கள்தான். கொஞ்சம் சுருங்கினாலே காற்றை வெளியே விடுவது பெரும்பாடு. விசில் சத்தமும் அதனால்தான்.

வகைகள் எவை?

தினசரி மருந்து தொடங்கும் முன் தொந்தரவு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படிப் பிரிப்பார்கள். வாரத்தில் 2 நாளுக்குள், இரவில் மாதம் 2 தடவைக்குள் என்றால் அது எப்போதாவது வரும் ஆஸ்துமா. அதைத் தாண்டினால் பர்சிஸ்டென்ட், அதாவது விடாத ஆஸ்துமா. அது மூன்று வகை.

1. லேசானது: வாரத்தில் 2 நாளுக்கு மேல் வரும், தினமும் வராது. இரவில் மாதம் 3, 4 தடவை தூக்கத்தைக் கெடுக்கும்.

2. நடுத்தரமானது: தினமும் வரும். இரவில் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எழுப்பும்.

3. கடுமையானது: பகல் முழுவதும் இருக்கும். அநேகமாகத் தினமும் இரவில் எழுப்பும்.

ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி, முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்றையும் அளப்பார்கள். நம் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் லேசானது. 60 முதல் 80 வரை நடுத்தரம். 60க்குக் கீழ் கடுமை. ஆனால் நம் வயசுப் பிள்ளைகளுக்கு அளவு நன்றாக இருந்தும் தொந்தரவு அதிகம் இருக்கலாம். ஆகவே டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இழைப்பே இல்லாமல் இருமல் மட்டும் வருவதும், ஓடினால் மட்டும் வருவதும்கூட ஆஸ்துமாவாக இருக்கலாம்.

நான் செய்த தவறு

டாக்டர் இரண்டு பம்பு கொடுத்திருந்தார். ஒன்று தினமும் இழுக்க, ஒன்று அவசரத்துக்கு. இரண்டு வாரத்தில் மூச்சு சரியானது. "பம்பு பழகிடும்டா" என்று நாலு பேர் சொன்னதால் தினசரிப் பம்பை நிறுத்திவிட்டேன். டிசம்பரில் ஒரு நாள் ஸ்மிதி ஷாப்பில் கரிப்புகை. அன்று இரவு விடுதியில் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை. அவசரப் பம்பும் கேட்கவில்லை. ரூம் நண்பர்கள் ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். மூக்கில் ஆக்சிஜனோடு கிடந்தபோது டூட்டி டாக்டர் சொன்னார்: "மைல்டுன்னு இருந்தா பெரிய அட்டாக் வராதுன்னு அர்த்தமில்லை தம்பி. வீக்கம் தினமும் இருக்கு. மருந்தும் தினமும் இருக்கணும்."

மருந்தில் கவனிக்க வேண்டியவை

அவசரப் பம்பில் உள்ள சால்புடமால் இறுகிய தசையைத் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு பம்பு. 12 வயதுக்கு மேல் சால்புடமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் சொல்லிவருகிறது. இரண்டு வேலையையும் செய்யும் கூட்டு மருந்துப் பம்பும் உண்டு. எது யாருக்கு என்று டாக்டர் சொல்வார்.

ஸ்டீராய்டு என்றதும் பயம் வேண்டாம். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு; பம்பில் மைக்ரோகிராம் கணக்கு. இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். பம்பின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் பெயரைப் படியுங்கள். பேச்சு திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பம்பு கேட்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவர் அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும்.

ஊருக்குப் போனதும் அம்மாவிடம் "அன்னைக்கு நான் தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேம்மா" என்றேன். அம்மா திட்டவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு கேட்டுக்கோப்பா. அதுக்குத்தானே படிக்க வெச்சோம்" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சீட்டைப் படிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். எல்லாச் சொல்லையும் படியுங்கள். புரியாத சொல்லை டாக்டரிடமே கேளுங்கள்.