மின் அகராதியை வைத்து ஸ்கிரபிள் பழகுவது எப்படி: மாத்தளைப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும்

ஸ்கிரபிள் ஆட வேண்டுமென்றால் ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்ற பயம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிறையவே இருக்கிறது. இறத்தோட்டை, எல்கடுவ தோட்டங்களிலிருந்து மாத்தளை நகரப் பாடசாலைகளுக்கு வரும் பிள்ளைகள் பலகையைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்வது மனதை வருத்துகிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிளில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு போய் வென்றார். குறளையும் தேவாரத்தையும் மனனம் செய்து வளரும் பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலையல்ல.

இதற்குக் கையடக்க மின் அகராதி நல்ல துணை. அதற்கு இணைய இணைப்பு வேண்டாம். மலைச்சரிவில் சிக்னல் போனாலும் வேலை செய்யும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதே, அப்படியான நாட்களிலும் சின்னப் பற்றரிகள் இருந்தால் போதும். கைத்தொலைபேசியைப்போல நடுவில் வேறெங்கும் இழுத்துப் போகாது என்பதை நான் அதன் பெரிய நன்மையாகவே நினைக்கிறேன்.

வாங்குவதற்கு முன், கருவிக்குள் எந்தச் சொற்பட்டியல் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண ஆங்கில அகராதிக் கருவி பொருள் சொல்லும். ஆனால் ஊர்ப்பெயர், சொற்சுருக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே காட்டுவதால் எது ஆட்டத்தில் செல்லும் என்று தெரியாது. பிராங்க்ளின் நிறுவனம் ஸ்கிரபிளுக்கென்றே கருவிகள் செய்தது. அவற்றிலும் அமெரிக்கப் பட்டியல் கொண்டவை உண்டு, கொலின்ஸ் பட்டியல் கொண்டவை உண்டு. இலங்கைப் போட்டிகளில் கொலின்ஸ்தான். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய கருவியோ பழைய கருவியோ கைக்கு வந்தால் சி-எச், கே-வை, இசட்-ஓ என்ற மூன்று சொற்களையும் அடித்துப் பாருங்கள். மூன்றும் செல்லாது என்று வந்தால் அது அமெரிக்கப் பட்டியல். அடுத்து ஓ-கே என்று அடியுங்கள். அந்தச் சொல் கொலின்ஸ் பட்டியலுக்குள் வந்தது 2019இல்தான். ஆகவே அதை ஏற்காத கொலின்ஸ் கருவி அதற்கு முந்தியது. அதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதே ஆண்டு சேர்ந்த ஈ-டபிள்யூ, இசட்-ஈ இரண்டையும் ஓ-கேயுடன் ஒரு துண்டுத்தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

கண்டி என்ற ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கொலின்ஸ் கருவியில் அடித்தால் செல்லும் என்று வரும். ஊருக்காக அல்ல, தென்னிந்தியாவில் வழங்கிய கண்டி என்னும் பழைய நிறுத்தல் அளவைக்காக. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

பயிற்சியை இரண்டெழுத்துச் சொற்களில் தொடங்குங்கள். கொலின்ஸில் 127 இருக்கின்றன. போட்டியில் ஒருவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 25 நிமிடம். இந்தச் சொற்கள் விரல்நுனியில் இல்லாதவருக்கு அந்த நேரம் யோசிப்பதிலேயே கரைந்துவிடும். பெரிய புள்ளி எழுத்துகளை முதலில் பிடியுங்கள். கியூவுக்கு ஒரே சொல், கியூ-ஐ. ஜேக்கு ஜே-ஏ, ஜே-ஓ. எக்ஸுக்கு ஐந்து: ஏ, ஈ, ஓ மூன்றுக்கும் பின்னால் எக்ஸ் வரும், எக்ஸுக்குப் பின்னால் ஐயும் யூவும் வரும். இசட்டுக்குப் பின்னால் ஏ, ஓ, ஈ. சிக்கு சி-எச் மட்டும். விக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் பலகையில் வி கிடக்கும் இடத்தை ஒட்டி இணையாகச் சொல் வைப்பது சிரமம். முன்னணியில் இருக்கும்போது எதிராளியின் வழியை அடைக்க இது உதவும்.

இங்கே ஒரு கட்டுப்பாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கருவியைத் தொடுமுன் கொப்பியில் விடையை எழுதிவிட வேண்டும். ஏயில் தொடங்கும் இரண்டெழுத்துச் சொற்களை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அடித்துச் சரிபாருங்கள். தவறியவற்றையும் விட்டுப்போனவற்றையும் சிவப்பில் குறியுங்கள். மறுநாள் சிவப்பை மட்டும் பாருங்கள், சில நாள் விட்டு ஒருமுறை, வாரம் கழித்து இன்னொருமுறை. திரையில் ஓடும் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், பலகைக்கு முன் உட்கார்ந்தால் ஒன்றும் வராது.

அடுத்தது கொக்கிகள், அதாவது ஒரு சொல்லின் முன்னோ பின்னோ ஓரெழுத்தைச் சேர்த்துப் புதுச் சொல்லாக்குவது. இதற்குக் கேள்விக்குறி விசை இருக்கிறது. தெரியாத எழுத்தின் இடத்தில் அதை அடித்தால் பொருந்தும் சொற்களைக் கருவி காட்டும். நம் ஊர்த் தோட்டத்து வாசனைத் திரவியங்களையே எடுங்கள். கராம்புக்கான சி-எல்-ஓ-வி-ஈ என்ற சொல்லுக்குப் பின்னால் என், ஆர், எஸ் மூன்றும் ஒட்டும். ஏ-சி-ஈ என்பதற்கு முன்னால் எம் வைத்தால் சாதிபத்திரி. எஃப், எல், பி, ஆர் வைத்தாலும் சொல்தான். மிளகு, சாதிக்காய், ஏலம், கொக்கோ என்று நீங்களே தொடர்ந்து போகலாம். எஸ் எதற்கும் ஒட்டும் என்று அவசரமாக வீசிவிடாதீர்கள். 100 காய்களில் எஸ் நான்குதான். நியூயோர்க் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் பத்திரிகைகளில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தே இந்த ஆட்டத்தை அமைத்தார். பன்மைச் சொற்களால் ஆட்டம் மிக எளிதாகிவிடக் கூடாதென்று எஸ்ஸைக் குறைத்தார்.

ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி மேலதிகம். இதைப் பழக எழுத்துகளைக் கலைத்துச் சொல் தேடும் வசதி கருவியில் உண்டு. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி (T) என்ற ஏழையும் தாங்கியில் வையுங்கள். ஐந்து நிமிடம் காய்களைக் கையால் இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்டதை எழுதுங்கள். அதன் பிறகே விசையை அழுத்துங்கள். அரை டசினுக்கு மேல் வரும். இந்த ஏழில் ஒன்றை மட்டும் மாற்றி மறுநாள் தொடருங்கள். தமிழிலிருந்து போன சொற்களும் இங்கே கைகொடுக்கும். முருங்கையிலிருந்து வந்த மொரிங்கா, வெட்டிவேரிலிருந்து வந்த வெட்டிவர் இரண்டும் ஆங்கிலத்தில் ஏழெழுத்து.

ஆட்டம் நடக்கும்போது ஆடுபவர் கையில் கருவி இருக்கக் கூடாது. ஆடாத ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். எதிராளி ‘சேலஞ்ச்’ சொன்னால் அந்தச் சொல்லை மட்டும் அடித்து, செல்லும் அல்லது செல்லாது என்று அறிவிப்பது அந்தப் பிள்ளையின் வேலை. பொருள் வாசிக்க வேண்டாம், வேறு சொல் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒரே கருவி இருந்தாலும் இந்த முறையில் எல்லாரும் பழகலாம். நடுவராக இருந்த பிள்ளை அடுத்த ஆட்டத்தில் உட்கார வேண்டும்.

உண்மையான முன்னேற்றம் ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. புள்ளித்தாளின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் உங்கள் தாங்கியிலிருந்த எழுத்துகளைக் குறித்து வையுங்கள். மாலையில் திணறிய இரண்டு மூன்று இடங்களை எடுத்துக் கருவியில் போடுங்கள். இருந்தும் காணாமல் விட்ட சொல் அங்கே தெரியும். அதன் பொருளையும் அப்போதே வாசியுங்கள். ஆட்டத்துக்குப் பொருள் தேவையில்லை, ஆனால் சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கிலத் தாளுக்குத் தேவை.

நீண்ட விடுமுறையில் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பற்றரி கசிந்தால் உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் பச்சை பூத்துவிடும். இலேசாகப் பூத்திருந்தால் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புதுப் பற்றரி போடுங்கள்.