தறிச் சத்தமும் நாதஸ்வரமும் சின்தசைசருக்குள்: ஒரு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம். வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி பிரம்மோற்சவத்தில் நாதஸ்வரம். இரண்டையும் கீபோர்டில் வாசிக்கும்படி செய்யப் போகிறோம். புதியவர்கள் பெரும்பாலும் திணறுவது ஃபைல்களை மென்பொருளுக்குள் இம்போர்ட் செய்யும்போதுதான். ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி, இம்போர்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

என்னென்ன தேவை, எவ்வளவு ஆகும்?

மென்பொருளுக்குச் செலவில்லை. வெட்டித் திருத்த ஆடாசிட்டி, கட்டைகளில் பொருத்த பாலிஃபோன், வாசிக்க டீசென்ட் சாம்ப்ளர் அல்லது ஸ்ஃபோர்ஸாண்டோ, எல்லாமே இலவசம். பதிவுக்கு ஆரம்பத்தில் நல்ல கைபேசி போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி இடம் பிடிக்கும்.

உண்மையான செலவு மனிதர்களுக்கு. நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கில். நமக்காகத் தறி நின்றால் நஷ்டம் அவருக்கு. நாதஸ்வரக் கலைஞருக்குச் சன்மானம், நெசவாளிக்கு நேரத்துக்கான பணம் இரண்டையும் முதலிலேயே பேசிவிடுவோம்.

படி 1: பதிவு

உற்சவக் கூட்டத்தில் பதிவு செய்தால் தவிலும் வெடியும் கலந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. கலைஞரின் வீட்டில், சாதகம் செய்யும் நேரத்தில் பதிவு செய்வோம். ஒவ்வொரு சுரத்தையும் அசைக்காமல், நீண்ட கார்வையாக வாசிக்கச் சொல்வோம். கமகங்களைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

தறியில் மிதி, நாடா ஓடுவது, பலகை அடி மூன்றையும் தனித்தனியே எடுப்போம். ஒவ்வொன்றிலும் நான்கு பதிவாவது வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும்.

படி 2: வெட்டுதல்

ஆடாசிட்டியில் ஒலி தொடங்கும் இடத்துக்கு ஒட்டி வெட்டுவோம். முன்னால் மௌனம் மிஞ்சினால், கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வரும். தேர்ந்தெடுத்த பகுதியின் விளிம்பை அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்த்த இசட் விசையை அழுத்தினால் போதும்; ‘டிக்’ என்ற சத்தம் வராது. ஒவ்வொரு ஃபைலின் ஒலி அளவையும் தனித்தனியே ஏற்றாதீர்கள். மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் உள்ள வேறுபாடு போய்விடும்.

படி 3: பெயர் வைத்தல்

கருவி, சுர எண், பதிவு எண் என்ற வரிசையில் பெயர் வைப்போம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். சுரத்துக்கு எழுத்தை விட மிடி எண்ணே நல்லது. நடு ‘சி’யை ஒரு மென்பொருள் சி3 என்கிறது, மற்றொன்று சி4, எஃப்எல் ஸ்டுடியோ சி5, எண் மட்டும் எப்போதும் 60. 2 கட்டை சட்ஜம் 62 என்றால், சதுச்ருதி ரிஷபம் 64, அந்தர காந்தாரம் 66.

படி 4: இம்போர்ட்

பாலிஃபோனில் வேவ் ஃபைல்களை மொத்தமாக இழுத்துப் போடுவோம். ஒவ்வொன்றுக்கும் மூல எண்ணையும், எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை ஒலிக்க வேண்டும் என்பதையும் குறிப்போம். பதிவான சுரத்தை இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நாதஸ்வரத்தின் குரலே மாறிவிடும். தறி அடிகளை டீசென்ட் சாம்ப்ளரில் ‘ரவுண்ட் ராபின்’ முறையில் அமைத்தால் அவை மாறி மாறி ஒலிக்கும்.

கவனம்!

44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை 48 என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். 2 கட்டை இரண்டரையைத் தாண்டிவிடும். எல்லா ஃபைலும் ஒரே அளவில் இருக்கட்டும்.

எஸ்எஃப்இசட் வகை ஃபைலுக்குள் ஒலி கிடையாது. ஒலி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே உண்டு. ஒலி ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ ஒலி வராது. நண்பருக்கு அனுப்புவதானால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடக்கும் சவுண்ட்ஃபான்ட் வசதி.

கோயிலுக்குள் பதிவு செய்வதானால் செயல் அலுவலரின் அனுமதி அவசியம். பதிவை விற்கும் எண்ணம் இருந்தால் கலைஞரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு பலகை அடி, நான்கு பதிவுகள்: இவற்றை மட்டும் முதல் படி முதல் கடைசிப் படி வரை கொண்டுபோய்ப் பாருங்கள். அது சரியாக ஒலித்த பிறகு நாதஸ்வரத்துக்குப் போகலாம்.