கம்பியில் வீணாகும் மின்வலு

கமக்காரர்களே, சூரிய ஒளியால் இயங்கும் நேரோட்ட நீர்ப்பம்பி போதிய நீரை இறைக்காவிடின், பம்பியைக் குறைகூறுமுன் கம்பியைச் சோதித்தல் வேண்டும்.

உதாரணமாக, நல்ல வெயிலில் சூரிய மின்தகட்டருகே 60 உவோற்றும், பம்பியருகே 50 உவோற்றும், மின்னோட்டம் 5 அம்பியரும் எனக் கொள்க. கம்பியில் இழக்கப்படுவது 10 உவோற்று.

தடை = உவோற்று ÷ அம்பியர்
10 ÷ 5 = 2 ஓம்

வலு = உவோற்று × அம்பியர்
10 × 5 = 50 உவாற்று

மின்தகடு தருவது 60 × 5 = 300 உவாற்று. அதில் ஆறிலொரு பங்கு கம்பியைச் சூடாக்கியே வீணாகின்றது. இருமடங்கு குறுக்குவெட்டுப் பரப்புள்ள அதே வகைக் கம்பியை அதே நீளத்திற்கு இடின் தடை 1 ஓமாகும்; அதே மின்னோட்டத்தில் நட்டமும் 25 உவாற்றாகக் குறையும். தளர்ந்த மூட்டுகளும் தடையைக் கூட்டும்.

அளவீடுகளைப் பயிற்சிபெற்ற மின்னியலாளரைக் கொண்டே செய்விக்குக. ஈரக்கையாற் கம்பியைத் தொடலாகாது.