பைக்கில் தாய்லாந்து: ஒன்பதாம் வகுப்பில் ஒரு வரைபடச் செயல்பாடு

திருப்பூரில் உயர்நிலை வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பையன்களின் பேச்சு பைக்கைச் சுற்றியே ஓடும். கோடை விடுமுறையில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போகிறவன், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் பைக்குக்கு எவ்வளவு முன்பணம் கட்டலாம் என்று கணக்குப் போடுகிறான். ஜூன் மாதம் அவர்களில் ஓரிருவர் பள்ளிக்குத் திரும்புவதில்லை. தறியும் தையலும் கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களின் வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு அங்கே போவதுதான் என் கவலை.

அறிவுரையை இந்தப் பிள்ளைகள் நிறையக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கைப்பேசியில் விரும்பிப் பார்ப்பது, முதுகுப்பையோடு பைக்கில் தாய்லாந்து, வியட்நாம் சுற்றுகிறவர்களின் காணொளிகளை. எனவே அதையே பாடமாக்கினேன். திருப்பூரிலிருந்து தாய்லாந்துக்கு பைக்கிலேயே போக வேண்டும், விமானமும் கப்பலும் கூடாது, வழியைக் கண்டுபிடியுங்கள் என்றேன். ஆசியாவின் சுவர் வரைபடம் ஒன்று, நிலவரைபட நூல்கள், குண்டூசி, கம்பெனி வேஸ்ட்டில் கிடைத்த சிவப்பு நூல். இவை போதும்.

முதலில் எழுந்தவன் சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவின் மேலேயே விரலை இழுத்தான். வகுப்பு சிரித்தது. பிறகு கொல்கத்தா வரை நூல் போயிற்று. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து அஸ்ஸாம் மாணவன் வந்து சிலிகுரியைத் தொட்டான். அவன் குடும்பம் ஊருக்குப் போய்வரும் ரயில் வழி அது. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையில், குறுகலான இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமே உள்ள நிலப்பகுதி வழியாகத்தான் வடகிழக்குக்குப் போக முடியும் என்பதை அரைத் தமிழும் அரை இந்தியுமாக அவன் விளக்கினான். பல மாதங்களாக அவன் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வெளிமாநிலப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் இந்தச் செயல்பாட்டை அவர்களை வைத்தே தொடங்கலாம்.

குவாஹாத்தி, இம்பால், அங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் மோரே. இந்தியா முடியும் ஊர். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன என்றதும் வகுப்பு நிமிர்ந்தது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, அங்கிருந்த தமிழர்கள் பலர் கப்பலேறித் தமிழகம் வந்தார்கள். அவர்களில் சிலர் பழைய வாழ்வைத் தேடித் தரைவழியாகவே திரும்பிப் போனார்கள். எல்லையைத் தாண்ட முடியாமல் மோரேயில் தங்கியவர்கள் அங்கேயே ஊர் அமைத்துக்கொண்டார்கள்.

மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டிருக்கிறது. நீளம் சுமார் 1,360 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் எத்தனை லிட்டர்? (30-க்குச் சற்று மேல்.) நாளைக்கு 500 கிலோமீட்டர் ஓட்டுவேன் என்றவனிடம், மலைச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் முடியும், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பாய் என்று கேட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு 200-க்கு இறங்கி வந்தான். விகிதம், சராசரி என்று தலைப்பிட்டிருந்தால் இந்தக் கணக்கை அவன் தொட்டிருக்கமாட்டான்.

அதிக நேரம் எடுத்தது, எந்த நாட்டில் சாலையின் எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்ற கேள்விதான். இந்தியாவில் இடப்பக்கம். மியான்மரும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுதான், ஆனால் 1970-இல் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. தாய்லாந்து யாருக்கும் அடிமைப்படவில்லை, அங்கும் இடப்பக்கம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட லாவோஸ், கம்போடியா, வியட்நாமில் வலப்பக்கம். இந்தோனேசியா டச்சுக்காரர் ஆண்டது, இடப்பக்கம். தாய்லாந்தையும் லாவோஸையும் இணைக்க மீகாங் ஆற்றின் மேல் 1994-இல் திறந்த நட்புறவுப் பாலத்தைக் கடந்ததும் வண்டிகள் பக்கம் மாற வேண்டும். காலனி ஆதிக்கத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். அதற்கு இத்தனை கைகள் உயர்ந்தது இப்போதுதான். வரைபடத்தில் இரண்டு வண்ணம் தீட்டச் சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்பார்கள்.

ஆவணப் பட்டியல் எழுதும்போது ஓட்டுநர் உரிமம் வந்தது. நான் எதுவும் உபதேசிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தைக் கரும்பலகையில் எழுதினேன். 16 வயதில் 50 சிசிக்குள் உள்ள வண்டி, மற்றவற்றுக்கு 18. 2019 திருத்தத்தின்படி சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. அபராதத்தைப் பார்த்து யாரும் அசையவில்லை. “இருபத்தஞ்சு வரைக்குமா மிஸ்?” என்று நாலைந்து குரல்கள் வந்தன.

மூன்றாம் பாடவேளையின் இறுதியில் செய்தித்தாள் வெட்டுகளைக் கொடுத்தேன். 2021 பிப்ரவரியில் மியான்மரில் மீண்டும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர் பரவியது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தது. சாலைப்பணி முடியவில்லை. நூலை மோரேயில் நிறுத்திக் குண்டூசி குத்தினோம். “அப்போ கப்பல்தான் மிஸ்” என்றாள் ஒரு மாணவி. நிபந்தனையைத் தளர்த்தினேன், நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஏனென்றால் கொங்கு நாட்டிலிருந்து கடல்வழி பழையது. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்கிறது. அகழாய்வில் அங்கே மணிகள் செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. தக்களி என்றதும் ஸ்பின்னிங் மில் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே கரூர் வழியாகக் காவிரிப்பூம்பட்டினம் என இரு கடல்களையும் இணைத்த பெருவழியில் அவ்வூர் இருந்தது.

கடலுக்கு அப்பால், தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பாட் என்ற இடம். அந்தப் பெயருக்கு மணிக்குன்று என்று பொருள். அங்கே கிடைத்த பொற்கொல்லரின் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. காலம் 3–4ஆம் நூற்றாண்டு. அதற்கு வடக்கே தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. மியான்மரின் பாகனிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு.

உடனே ஒரு மாணவன் கொடுமணல் மணி குவான் லுக் பாட்டுக்குப் போனதாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டான். அந்த உரைகல் எதை நிரூபிக்கிறது என்று கேட்டேன். தமிழ் எழுதத் தெரிந்த பொற்கொல்லர் அங்கே இருந்தார் என்பதை மட்டும் என்று வகுப்பு ஒத்துக்கொண்டது. இந்த வேறுபாட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பெருமை பேசும் காணொளிகளில் அது இருக்காது.

நான்கு பாடவேளை என்று நினைத்தது ஆறாகிவிட்டது. நேரம் குறைவானால் பெட்ரோல் கணக்கைக் கணித ஆசிரியரிடம் விட்டுவிடலாம். கொடுமணலுக்குப் போகலாமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பச்சைக்கல் என்று நாம் சொல்லும் பெரில் வெட்டியெடுத்த படியூர் அதைவிடப் பக்கம், திருப்பூர்–காங்கேயம் சாலையிலேயே இருக்கிறது. என் வகுப்பில் மூவர் தினமும் டவுன் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.