மழை நாள் கணக்கு

போன வருஷம் எங்கள் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் கிள்ளானில் கூடியபோது என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். லயத்துத் தகரக் கூரையில் மழை அறையும் சத்தம், அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் காலை, அடுப்பில் வேகும் மரவள்ளிக் கிழங்கு, அதற்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல், வாசல் கால்வாயில் விட்ட காகிதக் கப்பல். நல்ல கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். 82 வயது அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "மழ பேஞ்சா அன்னிக்குச் சம்பளம் இல்ல, தம்பி. அதச் சொன்னியா?" என்றார்.

சொல்லவில்லை. அது என் ஞாபகத்திலேயே இல்லை.

எங்கள் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும் அம்மாவுக்கு முதல் வேலை கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது. மரமெங்கும் பரவி ஒழுகிவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் காத்து நிற்பார்கள். வெகுநேரமாகியும் மரம் காயவில்லையென்றால் திரும்பி வரவேண்டியதுதான், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அன்றைக்குப் பெயர் ஏறாது. வெட்டி முடித்தபிறகு மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். 500 மரத்துப் பாலும் மங்கு நிறைந்து வழிந்து வேரடியில் வெள்ளையாக ஓடும். மரவள்ளிக் கிழங்கு வெந்ததும் ருசிக்காக இல்லையாம். சீனக் கடையில் 555 புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போகிறதே என்று அரிசியை மிச்சம் பிடித்திருக்கிறார்.

அன்றிலிருந்து என் ஒவ்வொரு இனிய நினைவையும் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலானவை தேறவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும். முழங்கால் உயரத்துக்குச் சருகைக் குவித்து அதில் குதிப்போம். வெயிலில் கித்தாக்காய் பட்பட்டென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும் நாட்களும் உண்டு. அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அவன் ஊரைக் கூட்டுவான். கொட்டை கணக்கில் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. சருகு கணக்கில் உண்டு. இலை உதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். நாங்கள் குதித்து விளையாடியது அம்மாக்கள் பற்றாக்குறையில் ஓட்டிய மாதங்களில்.

இதில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் கேள்வி கேட்கும் விதம். இருபது வருஷமாக நான் கேட்டுவந்தது, "அந்தக் காலத்துல தோட்டம் எப்படிம்மா இருந்துச்சு?" என்றுதான். இருபது வருஷமாக ஒரே பதில்: "என்ன இருந்துச்சு, கஷ்டந்தான்." அதோடு பேச்சு முடிந்துவிடும். தப்பு கேள்வியில் இருந்தது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், விளக்கு எது, பசியாற என்ன எடுத்துப் போனீர்கள், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டது, கொசுவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொசு கேள்விக்கு மட்டும் அம்மா அரை மணி நேரம் பேசினார். பழந்துணியை முறுக்கிக் கொளுத்தி, புகையவிட்டு, இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு இருட்டில் போவார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் காடு முழுக்கச் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் நகரும்.

இன்னொன்று, கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பக்கத்து லயத்து அத்தை வீட்டைக் காலி செய்தபோது துருப்பிடித்த பால் வெட்டும் கத்தி ஒன்று கிடைத்தது. எடுத்து வந்து அம்மா மடியில் வைத்தேன். வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் தானாகவே நுனி மடிப்புக்குப் போய்க் கூரைத் தடவியது. "மழுங்கிப் போச்சு" என்றார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்கால் வலியென்று கோயிலில் கூடத் தரையில் உட்காராதவர், சாப்பாட்டு மேசையின் காலுக்கு முன் பாதி குனிந்து நின்று, இடப்பக்கம் மேலே வைத்து வலப்பக்கம் கீழாக ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டினார். கை இழுக்கும்போது கால்கள் சின்னச் சின்ன எட்டாக மரத்தைச் சுற்றிப் பின்னால் நகர்ந்தன. சீவல் ஓலைக் கீற்று மாதிரி மெல்லிசாக விழ வேண்டுமாம். ஆழம் போனால் மரத்துக்குக் காயம். காயத்தைப் பார்த்தால் கங்காணியின் வாய். ஆழம் போகாவிட்டால் பால் இல்லை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம், அதுவும் விடியாத இருட்டில், ஒரு காலைக்கு 500 தடவை.

"ஏம்மா இடது மேல, வலது கீழ?"

"கங்காணி அப்படித்தான் சொன்னாரு, வெட்டினோம்."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கித்தா மரத்தின் பால்குழாய்கள் நேர்க்குத்தாக ஓடுவதில்லை, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து மேலேறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். நான்கு மணிக்கு எழுந்ததன் காரணம் அதுதான். இதைச் சொன்னபோது அம்மா, "அப்ப நாங்க வெட்டினது சரிதான்" என்றார், ஏதோ பரீட்சை முடிவு வந்த மாதிரி.

எல்லாவற்றையும் வீட்டார் வாயிலிருந்தே பெற முடியாது, வெளியேயும் தேட வேண்டும். என் தாத்தா துரை பங்களாவைத் தாண்டும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டே போவார். 1970களில் நான் பார்த்தது. அங்கே லேசான மேடு இருந்தது, மேடு ஏற முடியாமல் தள்ளுகிறார் என்றே நினைத்திருந்தேன். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. கூலி உயர்வோடு தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரைக்கும் தோட்ட எழுத்தரான கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்பது. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். தொழிலாளர்கள் 5 பேர் செத்தார்கள். அதற்கு முப்பது வருஷம் கழித்து, துரையும் வெள்ளைக்காரர் இல்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. தாத்தா மட்டும் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது அந்த சைக்கிளை எப்போது ஓட்டக் கொடுப்பார் என்பதுதான் கவலை.

பிள்ளைகளிடம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. கதை கதையாகத் தோட்டத்தின் பெருமை பேசிய ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அவ்ளோ நல்லா இருந்தா ஏன்பா விட்டுட்டு வந்தீங்க?" அதற்கு நேரான பதில் வைத்திருங்கள். வீடு எங்களுடையது இல்லை, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆள் குறைந்தது. பிறகு செம்பனையையும் தள்ளிவிட்டு வீடமைப்பு வந்தது. எங்களுக்கு வந்தது ஒரு கடிதமும் கொஞ்சம் பணமும். அப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார், யாரும் பேசவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னபிறகுதான் மகள் மழைக் கதையையும் நம்பினாள்.

அடுத்த வீட்டுக் குடும்பத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் என்று வந்தபோது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சுவெட்டென்ஹாம் துறைமுகத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார்கள். போகுமுன் அம்மிக்கல்லை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். இங்கேயே பிறந்த அந்த வீட்டுப் பையன், 'ஊருக்குத் திரும்பிப் போறோம்' என்று பெரியவர்கள் சொன்னதை என்னிடம் அப்படியே சொன்னான். எங்கே திரும்புகிறான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மி இன்னும் தம்பி வீட்டு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. அம்மா அதில் அரைக்கவிட மாட்டார், தூக்கிப் போடவும் விடமாட்டார்.

இனி காகித விவகாரம். தகரப் பெட்டியைக் கிளறுங்கள், தாமதம் வேண்டாம். பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டம் போனபிறகு அந்தப் பெயருக்கு அது ஒன்றுதான் வீட்டில் இருக்கும் சாட்சி. இருபக்கமும் படமெடுத்து வையுங்கள். பெயர் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிராணி காதில் விழுந்தபடி எழுதியதில் என் அப்பா மூன்று பத்திரங்களில் மூன்று ஆளாக இருந்தார். அவர் இருக்கும்போதே திருத்தியிருந்தால் அரைநாள் வேலை. போனபிறகு எங்களுக்கு ஒன்றரை வருஷ அலைச்சல். பழைய படங்களின் பின்னால் யார் யார் என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறும். அப்புறம், பழைய கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ் எதுவும் கண்ணில் பட்டால் குப்பைக்குப் போட்டுவிடாதீர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த தொழிலாளர்கள் ஏராளம். அவர் பெயர் சூட்டப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் சாலையில் தினமும் நடக்கிறவன் நான். அப்பா பங்கு எடுத்திருந்தது பெட்டியைத் திறந்தபோதுதான் தெரியும்.

நேரில் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: தோட்டத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. பள்ளியையும் கோயிலையும் தேடுங்கள். நான் சனிக்கிழமைகளில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போகிறவன். சன்னலுக்கு வெளியே வரும் சுபாங் ஜெயா முன்பு சீஃபீல்டு தோட்டம். ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தமிழ்ப்பள்ளிகளின் பலகையில் இன்றும் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் இருக்கும், சுற்றிலும் ஒரு கித்தா மரம்கூட இருக்காது. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், செத்தியா ஆலமில் நார்த் ஹம்மோக், கிள்ளானில் ஹைலண்ட்ஸ் என்று அடுக்கலாம். அந்தப் பலகையிலிருந்து ஆரம்பித்து விசாரித்தால் பழைய ஆட்கள் அகப்படுவார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் இடத்துக்குப் போனோம். இரட்டை மாடி வரிசை வீடுகள், காவல் கூண்டு, தடுப்புக் கட்டை. உள்ளே விடவில்லை. அந்த நேபாளத் தம்பியைக் குறை சொல்ல முடியாது, அவர் முதலாளி சொன்னதைச் செய்கிறார். அம்மா காரிலிருந்து இறங்கவே இல்லை. சாலையோரக் கால்வாயை மட்டும் எட்டிப் பார்த்து, "தண்ணி அதே பக்கந்தான் ஓடுது" என்றார்.

சில முயற்சிகள் வீண். பால்கனியில் விறகடுப்பு மூட்டப் போய் நிர்வாகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பதிவு செய்யும் வேலையை இப்போது மகளிடம் விட்டுவிட்டேன். நான் கேட்டால் அம்மா மகனுக்கு ஏற்றாற்போல் சுருக்கிவிடுகிறார். பேத்தியிடம் பேச்சு வேறு தினுசு. போன மாதம் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "பாட்டி, மழ பேஞ்சா சம்பளம் இல்லன்னு அப்பா சொன்னாரு. அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் அடுப்படியில் இருந்தேன். அதே கணக்குதான் வரும் என்று நினைத்தேன்.

"திரும்பி வந்து படுப்பேன்" என்றார் அம்மா. "சம்பளம் இல்லாத நாளுதான். ஆனா அன்னிக்கு உன் தாத்தா அடுப்பு மூட்டுவாரு. மத்த நாளெல்லாம் நான்தானே. கோப்பி கலக்கி, படுத்திருக்கிற எடத்துக்கே கொண்டாந்து குடுப்பாரு."

கொஞ்சம் நிறுத்தினார்.

"சீனிய அள்ளிப் போட்டுடுவாரு. வாயில வைக்க முடியாது."