பாடம் 5: செயலகத்துக்கு மானியம் எப்படி வருகிறது?

“வீட்டுத்திட்டத்தில் எங்கள் பேர் எப்போது வரும்?” ஊருக்குத் திரும்பிய பலர் கேட்கும் கேள்வி இது. பிரதேச செயலகத்துக்குப் போனால், “காசு இன்னும் வரவில்லை” என்ற பதிலோடு திரும்புகிறோம். அந்தக் காசு எந்த வழியால் வருகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரியும்.

பணம் வரும் வழி

மானியம் என்பது திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். ஆனால் அது நிபந்தனைகளோடுதான் வரும். நிதி தருபவர் அமைச்சாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடையாளராக இருந்தாலும் முக்கியமாக மூன்று விடயங்களைக் கேட்பார்கள்: எத்தனை குடும்பங்களுக்குத் தேவை? காணி யாருடையது? வேலையை யார் மேற்பார்வை செய்வார்கள்? செயலகத்தின் திட்ட முன்மொழிவு இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த விபரங்களை ஊரில் திரட்டுபவர் கிராம அலுவலர். அவரிடம் உங்கள் விபரம் பிழையாக இருந்தால் முன்மொழிவிலும் பிழையாகவே போகும்.

பணம் கிடைத்த பிறகும் கணக்குக் காட்ட வேண்டும். 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி வடக்கு கிழக்கில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் பலருக்கு நினைவிருக்கும். புதிய வீட்டுக்கு 550,000 ரூபா. அது ஒரே தடவையில் வரவில்லை. வேலை நடக்க நடக்க, கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. முடிந்த வேலையைப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகே அடுத்த கட்டப் பணம் விடுவிக்கப்பட்டது.

எங்கே தடைப்படுகிறது?

• பழைய பட்டியல்: பின்னர் திரும்பிய குடும்பங்கள், புதிதாகத் திருமணம் செய்தவர்கள், கணவரை இழந்த பெண்கள் விடுபடுகிறார்கள்.

• காணி ஆவணம்: உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும்.

• காலம்: அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு பெரும்பாலும் திரும்பிவிடும். ஆண்டின் பிற்பகுதியில் பணம் வந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அத்திவாரம் வெட்ட முடியாது. அதனால் ஆவண வேலைகளை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிப்பது நல்லது.

செயலகத்திடம் எதிர்பார்க்கக்கூடியவை

பட்டியலை அடிக்கடி புதுப்பித்து அறிவித்தல் பலகையில் போடுவது, தெரிவுக்கான புள்ளிமுறையை வெளிப்படையாகச் சொல்வது, முன்னேற்ற அறிக்கையை உரிய நேரத்தில் அனுப்புவது. அறிக்கை தாமதித்தால் வேலையை முடித்த குடும்பத்துக்கும் அடுத்த கட்டப் பணம் தாமதிக்கும். கூரை இல்லாத சுவரோடு மாரியைக் கழிப்பதும், வட்டிக்குக் கடன் வாங்குவதும் அந்தக் குடும்பம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குடும்ப விபரத்தில் மாற்றம் வந்தால் உடனே கிராம அலுவலரிடம் பதியுங்கள்.

2. அடையாள அட்டை, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், காணி ஆவணம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோவையில் வைத்திருங்கள்.

3. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. சீமெந்து, மணல் வாங்கிய சிட்டைகளை எறியாதீர்கள்.

5. தனியாக அலைவதை விட, கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் சங்கம் ஊடாகச் சேர்ந்து கேளுங்கள்.

பதில் கிடைக்காவிட்டால்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எவ்வளவு நிதி வந்தது, யார் தெரிவானார்கள், எப்படித் தெரிந்தார்கள் என்று கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். இப்படிக் கேட்பது யாரோடும் சண்டை பிடிப்பதல்ல. நல்ல அலுவலருக்கு அது மேலிடத்தில் பேசுவதற்கு ஒரு பலம்.

கலந்துரையாடுவோம்

• எங்கள் ஊரில் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் எவை?

• யாருடைய காணி ஆவணம் இன்னும் சரியாகவில்லை?

• அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன்னர் இவற்றை யார் கிராம அலுவலரிடம் கொண்டு போவது?