கீழறைத் தண்ணீருக்கு ஒரு போக்கிடம்

அன்புச் சகோதரிக்கு,

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும் படங்களும் கிடைத்தன. முன்வாசல் தெருமட்டத்தில் இருக்கிறது. உள்ளே ஏழு படி இறங்கினால் கீழறை. அதில் மாமனார் காலத்திலிருந்து துணிப் பொதிகள். ஐப்பசி மழை பிடித்தால் சுவரடியில் தண்ணீர் ஊறுகிறது. உள்சுவரைக் கொத்தி, நீர்க்காப்பு மருந்து கலந்த சீமெந்தால் பூசினால் சரியாகிவிடும் என்று மேசன் பாஸ் சொல்கிறார். முன்பும் அப்படித்தான் பூசினீர்கள், இரண்டு மழைக்காலம் தாங்கியது, மறுபடி பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இதே தொல்லையோடு இருப்பவர்கள் பலர் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

பூச வேண்டாம். அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

உங்கள் முன்சுவருக்கு அந்தப் பக்கம் தெருவின் மண். மழையில் அது தண்ணீரைக் குடித்து நிரம்பிவிடுகிறது. நின்ற தண்ணீர் ஒரு மீற்றர் உயர்ந்தால் சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறக்குறைய 1,000 கிலோ அழுத்தம் விழும். வெளியிலிருந்து தள்ளும் அந்த விசையை உள்பக்கம் ஒட்டிய அரை அங்குலப் பூச்சு எத்தனை நாள் தடுக்கும்? முதல் படத்தில் சுவரடியில் மாவு தெளித்ததுபோல் வெள்ளையாகத் தெரிகிறதே, அது உப்பு. மண்ணிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், பூச்சின் அருகே காய்ந்து போகிறது. உப்பு பளிங்காக வளர்ந்து பூச்சை உள்ளிருந்து நெம்புகிறது. இன்னும் இறுக்கமான பூச்சுப் போட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். இரண்டடி உயரத்தில் இருந்த கறை நாலடிக்குப் போவது இப்படித்தான்.

பழைய கொழும்பு வீடுகளின் கபுக்கல் துளை நிறைந்த கல். ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டால் விட்டுக் கொடுக்கும். உங்கள் வீட்டுக்குக் கிட்டவே நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தையும் ஒல்லாந்தர் கபுக்கல்லாலும் சுண்ணாம்பாலும்தான் கட்டினார்கள். 1749இல் தொடங்கிய வேலை, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். ஏறக்குறைய ஐந்தடித் தடிப்புச் சுவர். ஆனாலும் மேட்டில் இடம் பார்த்துக் கட்டினார்கள். கல்லின் தடிப்பை மட்டும் அவர்கள் நம்பவில்லை.

தண்ணீரைச் சுவரோடு சண்டைக்கு விடாமல் அதற்கு முன்பே வழிமாற்றி விடுவதுதான் சுற்றுவடிகால். அத்திவாரத்தை ஒட்டி ஒரு பள்ளம், அதில் கழுவிய சல்லிக்கல், நடுவில் துளையிட்ட குழாய். மண்ணைவிடச் சல்லிக்குள் இறங்குவது சுலபம் என்பதால் தண்ணீர் தானாகவே அங்கே விழுந்து குழாய் வழியே போய்விடும். அமெரிக்காவில் இதை ‘பிரெஞ்சு வடிகால்’ என்பார்கள். பிரான்ஸ் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கொன்கோர்ட் ஊரில் இருந்த ஹென்றி பிரெஞ்சு என்பவர், வயல் வடிகால் பற்றி 1859இல் எழுதிய நூலால் பரவிய முறை.

காணி உள்ளவர்கள் இதை வெளியே செய்ய வேண்டும். அதுதான் முறையான வைத்தியம், ஏனென்றால் சுவரே நனையாமல் தப்பும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. முன்னால் தெரு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஆகவே அறைக்குள்ளேயே செய்யலாம். மூன்று சுவர்களின் ஓரமாகத் தரையை ஓரடி அகலத்துக்கு வெட்ட வேண்டும். எவ்வளவு ஆழம் என்று வாய்ப்பேச்சில் முடிவு செய்யாதீர்கள். முதலில் ஒரு மூலையில் சிறு கிடங்கு வெட்டி, அத்திவாரம் எங்கே முடிகிறது என்று ஒரு பொறியியலாளரைக் கொண்டு பாருங்கள். பழைய வீடுகளின் அத்திவாரம் ஆழமில்லாமல் இருக்கும். அதற்குக் கீழே அலவாங்கு போகக் கூடாது. ஒரே நாளில் சுவர் முழுக்கத் தோண்டவும் கூடாது. மூன்று அல்லது நாலடித் துண்டுகளாக வெட்டி, குழாய் வைத்து, நிரப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் உயிரும் அதன் மேல்தான் நிற்கிறது.

குழாய் நாலு அங்குலம். துளைகள் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால்தான் தண்ணீர் விழும் என்று சிலர் திருப்பி வைக்கிறார்கள், அது தவறு. தண்ணீர் கீழிருந்துதான் உயர்ந்து குழாய்க்குள் நுழைகிறது. ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சாய்வு கொடுங்கள். சல்லியைச் சுற்றி வடிதுணி விரிக்காவிட்டால் மண் புகுந்து சில வருடங்களில் அடைத்துவிடும். மூலைக்கு மூலை மூடியோடு ஒரு நிமிர்ந்த குழாயை விடச் சொல்லுங்கள், பிறகு தண்ணீர் அடித்துக் கழுவ அது வேண்டும். உள்ளே வைக்கும் வடிகால் தரையைத்தான் காக்கும், சுவர் ஈரமாகவே இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதனால் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, அறைக்குக் காற்றோட்டம், பொதிகளுக்குத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகைத் தட்டு, மூன்றும் தேவை.

இனித்தான் முக்கியமான கேள்வி. சேர்ந்த தண்ணீர் எங்கே போகும்? உங்கள் இரண்டாவது படத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவுக்கு வெளியே ஒழுங்கையில் கொங்கிரீட்டுக்கு மேல் கொங்கிரீட் போட்டு, கான் உங்கள் கதவுப்படிக்கு மேலே ஏறிவிட்டது. பாதிக் கானில் மண். சரிவில் இருக்கும் வீடு, மோட்டர் இல்லாமலே தண்ணீர் பின்பக்கம் வடிந்திருக்க வேண்டியது. அந்தக் கானை ஆழப்படுத்தித் துப்புரவாக்காமல் உள்ளே எத்தனை குழாய் புதைத்தாலும் ஒழுங்கைத் தண்ணீர் அதே குழாயால் உங்கள் அறைக்குத் திரும்பி வரும்.

கொழும்பு நகரமே பட்ட பாடு இது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகம் வரை வெள்ளத்தில் நின்றது. 2012இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய பெருநகர அபிவிருத்தித் திட்டத்தில், வாய்க்கால்களை அகலப்படுத்தியதோடு நில்லாமல் முகத்துவாரத்தில் கடலுக்குப் புதிய சுரங்க வழியும் வெட்ட வேண்டியிருந்தது. நகரத்துக்குத் தேவைப்பட்டது உங்கள் ஒழுங்கைக்கும் தேவை. தனியே போகாதீர்கள். ஒழுங்கை வீட்டார் எல்லோரும் கையெழுத்திட்டு மாநகர சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பொதுக் கானில் அனுமதியில்லாமல் கை வைக்கவும் வேண்டாம். மலக்கழிவுக் குழாயில் மட்டும் இதை இணைத்துவிடாதீர்கள். மழையில் அது நிரம்பினால் கழிவு உங்கள் தரையில் பொங்கும்.

கான் சரியாகும் வரை மோட்டர்தான் வழி என்றால், மூலையில் ஒரு குழி, மிதவை ஆளியுள்ள சிறு மோட்டர். பெருமழையில் மின்சாரம் போகும் என்பதால் மாற்று ஏற்பாடும் வேண்டும். குழிக்கு இறுகிய மூடி போடுங்கள், உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது; திறந்த குழித் தண்ணீர் நுளம்புக்குத் தொட்டில்.

இதெல்லாவற்றுக்கும் முன்பு, செலவு குறைந்த இரண்டு காரியங்கள். தை மாசி வெயிலிலும் தரை ஊறுகிறதா என்று பாருங்கள். ஊறினால் அது மழைத் தண்ணீராக இராது, குழாய் ஒழுக்காக இருக்கலாம். வீட்டுக் குழாய்களை எல்லாம் பூட்டிவிட்டு நீர்மானி சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றினால் ஒழுக்கு வீட்டுக் குழாயில். சுற்றாவிட்டால் தெருக் குழாயில் இருக்கலாம், அதை நீர்வழங்கல் சபைக்கு அறிவியுங்கள். அடுத்தது கூரைப் பீலி. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,300 லீற்றர் தண்ணீர். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் பெய்தது 493 மில்லிமீற்றருக்கு மேல். உங்கள் பீலி உடைந்து முன்சுவரடியிலேயே கொட்டுவது படத்தில் தெரிகிறது. அதை மாற்றி, தண்ணீரைத் துளையில்லாத தனிக் குழாயால் வெளியே கொண்டுபோங்கள். வரும் சித்திரை வைகாசி மழையில் ஊற்று எவ்வளவு குறைகிறது என்று சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்த்து எழுதுங்கள். தரையை வெட்டுவதா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்